ஆறுதலா வாங்கோ

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகாட்டுவானுக்குப் போகும் 776ஆம் இலக்க பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. இரண்டு கையிலும் உமல் பையோடு ஒரு வயதான அம்மா ஓட்டமும் நடையுமாக வருவதைக் கண்ட நடத்துனர் பெடியன், மிதிபலகையில் நின்றபடியே குரல் கொடுத்தான்: "ஓடாதேங்கோ அம்மா. ஆறுதலா வாங்கோ, நிக்கிறம்."

ஆறுதலா. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் இந்தச் சொல்லை எங்கள் வாயில் முதன்முதல் கேட்டுத் திகைத்தது ஞாபகம் வந்தது. அவருக்கு ஆறுதல் என்றால் துக்க வீட்டில் சொல்வது. எங்களுக்கு அதுவும் உண்டு. கூடவே, பதறாமல், நேரம் எடுத்து என்ற பொருளும் உண்டு. ஆறுதலாச் சாப்பிடுங்கோ, ஆறுதலாக் கதைப்பம், ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ. தேநீர் ஆறுவதும் புண் ஆறுவதும் கோபம் ஆறுவதும் தமிழில் ஒரே வினை. அந்த வினைக்குள் நேரத்தையும் வைத்தவர்கள் எங்கள் ஆட்கள்.

நான் முப்பத்து மூன்று வருடம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். என்னிடம் படித்த ஒரு தம்பி இப்போது உளவளத்துணையாளர். நெடுந்தீவில் ஒரு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் பதின்வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஏதோ செய்கிறான். "சேர், ஒருக்கா வந்து பாருங்கோ" என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் செய்வதைக் கோப்புகளில் உணர்வு முகாமைத்துவம் என்றும் தீர்மானம் எடுக்கும் திறன் என்றும் எழுதுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியலிட்டது. தீர்மானம் எடுத்தல், உணர்வுகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல், பிறர் நிலையில் நின்று பார்த்தல் எல்லாம் அதில் அடக்கம். போவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. திரும்பும் வழியில் ஊர்காவற்றுறையில் ஒருவரைப் பார்க்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பண்ணைப் பாலத்தில் ஏறியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. இரு பக்கமும் இடுப்பளவு தண்ணீரில் களங்கட்டி வலைகளின் தடிகள் வரிசையாக நின்றன. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வங்களாவடி. பனைகளுக்கிடையே கூரையில்லாத வீடுகள் இன்னும் நிற்கின்றன. 1990இலும் 1991இலும் இந்தத் தீவுகளிலிருந்து சனம் கையில் அகப்பட்டதோடு குடாநாட்டுக்குப் பெயர்ந்தது. புங்குடுதீவின் கவிஞர் சு. வில்வரத்தினம் அந்த வெறுமையைப் பற்றி எழுதிய தொகுப்புக்குக் காற்றுவழிக் கிராமம் என்று பெயர் வைத்தார். யன்னலோரம் இருந்து பார்க்கும்போது அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலத்தைக் கடந்ததும் பஸ்ஸில் பேச்சு குறைந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. 2015 மே மாதம் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட ஒரு மாணவி இந்தத் தீவில் கொடூரமாகக் கொல்லப்பட்டாள். வடக்கு முழுவதும் கொதித்தது. பிள்ளைகள் சீருடையோடு வீதிக்கு வந்தார்கள். மே 20ஆம் திகதி யாழ்ப்பாணம் நீதிமன்றக் கட்டடத்தின் மீது கல்லெறி விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் கனபேர் பெடியள். அந்தக் கோபத்தில் ஒரு துளிகூடப் பிழையில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் கல்லை எடுத்த கைக்கும் கல் பறந்த கணத்துக்கும் இடையில் அந்தப் பெடியளுக்கு ஒரு மூச்சு நேரம்கூட இருக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கான நீதி 2017 செப்டெம்பரில் மூன்று நீதிபதிகள் இருந்த மன்றில் வந்தது. ஏழு பேருக்கு மரண தண்டனை தீர்க்கப்பட்டது. கல்லெறிந்தவர்கள் மறியலையும் வழக்கையும் தங்கள் பங்குக்குச் சுமந்தார்கள்.

இதே புங்குடுதீவில் வேறொரு கோபமும் இருந்தது. எழுத்தாளர் மு. தளையசிங்கம் இந்த ஊர்க்காரர், தொழிலால் ஆசிரியர். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ள உரிமை மறுக்கப்பட்டபோது, 1971இல் அவர்களோடு சேர்ந்து அறவழியில் போராடினார். பொலிசார் அவரை அடித்தார்கள். 1973இல், நாற்பது வயதைத் தொடாமலே இறந்தார். கோபத்தை விழுங்கியவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. எதற்காகக் கோபப்படுகிறோம், யாரோடு நிற்கிறோம், என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போய் நின்றார்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு உணர்வைக் கையாளப் பழக்குகிறோம் என்று சொல்லி அவர்களை வாய்பொத்திகளாக்கும் ஆபத்து எங்கள் ஊரில் நிறைய உண்டு. அடக்கு, பொறு, பெரியாக்களுக்கு முன்னால கதையாதை என்பதெல்லாம் எங்கள் வீட்டுப் பாடங்கள். அவற்றுக்கு இன்னொரு வகுப்பு தேவையில்லை.

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவு ஆசிரியர்கள் சிலர் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். ஒரு டீச்சர் கைப்பைக்குள் தேசிக்காய் வைத்திருந்தா. சோளகம் ஓய்கிற காலம்தான், ஆனாலும் நடுக்கடலில் படகு ஆடும் என்றா. வடதாரகை, நெடுந்தாரகை, குமுதினி என்று இந்தத் துறையில் படகுகளின் பெயர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்போலப் புழங்குகின்றன. குமுதினி என்ற பெயரைச் சொல்லும்போது மட்டும் வயதானவர்களின் குரல் மாறும். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் அந்தப் படகு பல காலம் இதே கடலில் ஓடியது. அதில் ஏறித்தான் சனம் ஆஸ்பத்திரிக்குப் போனது, பள்ளிக்கூடம் போனது, கலியாணத்துக்குப் போனது.

ஒரு மணி நேரப் பயணம். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், மோட்டார் சைக்கிள், கோழிக்கூடு எல்லாவற்றுக்கும் நடுவில் எனக்குப் பக்கத்தில் பத்தொன்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி இருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கோவை. அதற்குள் கடவுச்சீட்டுப் படங்கள். கதை கொடுத்தேன். உயர்தரம் எழுதிவிட்டான், பெறுபேறு வரவில்லை. பிரான்சில் மாமா. ஏஜென்சிக்காரன் ஒருவன் வழி இருக்கிறது என்கிறானாம்.

"நாளைக்குள்ள முடிவு சொல்லோணுமாம் சேர். இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவினமாம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று.

"அவன் ஏன் உமக்கு ஒரு நாள் மட்டும் தாறான்?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பிடி நான் யோசிக்கேல்லை" என்றான். போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லவில்லை. எந்த நாடுகளுக்குள்ளால் போவது, காசு எப்போது கைமாறும், இடையில் பிடிபட்டால் யாருக்கு அறிவிப்பார்கள் என்று மூன்று கேள்விகளை மட்டும் அவனோடு பேசினேன். கோவையின் மட்டையில் அவற்றை எழுதிக்கொண்டான். நெடுந்தீவுத் துறையில் இறங்கி, யாருடைய மோட்டார் சைக்கிளிலோ பின்னால் ஏறிப் போய்விட்டான். பிறகு அவனைக் காணவில்லை. இன்றும் அவன் நினைவு வருகிறது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவனும், தூள் விற்கிறவனும், சண்டைக்கு ஆள் சேர்க்கிறவனும் முதலில் பறிப்பது பிள்ளையின் நேரத்தைத்தான். யோசிக்க விடமாட்டார்கள்.

நெடுந்தீவில் வேலிக்குப் பதில் முருகைக்கல் மதில்கள். சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கியவை. மதிலோரம் மூன்று குதிரைகள் தலை குனிந்து மேய்ந்துகொண்டு நின்றன. சனசமூக நிலையத்தின் வெளி விறாந்தையில் பத்திரிகை மேசை, ஒரு கரம் பலகை. உள்ளே சுவரில் கையால் எழுதிய கடதாசி ஒன்று: மனநல உதவிக்கு 1926, சிறுவர் உதவிக்கு 1929. பிள்ளைகள் பலர் வந்திருந்தார்கள், பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை.

உளவளத்துணைத் தம்பி எல்லோரையும் இருவர் இருவராக இருத்தினான். ஒருவர் கையில் ஒரு சோகியைக் கொடுத்துப் பொத்தச் சொன்னான். மற்றவருக்கு ஒரே கட்டளை: "அரை நிமிசம் இருக்கு. சோகியை எடுங்கோ."

மண்டபம் அல்லோலகல்லோலப்பட்டது. ஒருவன் மற்றவனின் சின்னவிரலைப் பிடித்து முறுக்கினான். ஒருவன் கூச்சங்காட்டினான். ஒருத்தி நகத்தால் கிள்ளினாள். ஒரு பெடியன் சோகியோடு வாசலைத் தாண்டி ஓடியே விட்டான். நேரம் முடிந்ததும் ஆளை மாற்றி இன்னொருமுறை. அதே அமளி. எல்லாம் அடங்கி மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தபோது அவன் கேட்டான்: "ஏன் ஒருத்தரும் 'தாறியா' எண்டு கேக்கேல்லை?"

சத்தமில்லை. பிறகு வாசலுக்கு வெளியே ஓடியவனைத் துரத்தியவன் சொன்னான்: "கேட்டா அவன் தரமாட்டான் சேர்."

தம்பி மற்றவனைப் பார்த்தான். அந்தப் பெடியன் உள்ளங்கையைத் திறந்து சோகியைப் பார்த்தான். சிவந்து தடித்திருந்தது கை. "கேட்டிருந்தாத் தந்திருப்பன்" என்றான். "சோகி தானே."

இந்த விளையாட்டு எங்களுடையதல்ல. அமெரிக்காவின் சிக்காகோ நகரில், வன்முறை மலிந்த பகுதிகளின் பள்ளிப் பெடியளுக்காக நடக்கும் ஒரு செயற்றிட்டத்தில் பந்தை வைத்து இதைச் செய்கிறார்கள். ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 வீதம் வரை குறைந்திருந்தது. அவர்களின் விளக்கம் எனக்குப் பிடித்தது. அங்கே பெடியளுக்கு இது நல்லது, அது கெட்டது என்று யாரும் பாடம் எடுப்பதில்லை. தெருவில் பலன் தந்த ஒரு பழக்கத்தை வகுப்பறையிலும் தானாகப் பாவித்துவிடாமல், ஒரு கணம் நின்று, இப்போது நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்கப் பழக்குகிறார்கள். அந்த ஒரு கணம்தான் முழுப் பாடமும்.

அந்தக் கணத்தின் பெறுமதிக்கு இலங்கையே பெரிய சாட்சி. 1990களின் நடுப்பகுதியில் இந்த நாட்டின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற அளவுக்குப் போனது. பிறகு அரசு மிகக் கொடிய பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது வருடத்துக்குள் அந்த வீதம் 70 வீதத்துக்கு மேல் இறங்கியது. சனத்தின் கவலைகள் குறைந்ததால் அல்ல. அந்த வருடங்களில் இங்கே என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆத்திரமும் அவமானமும் தலைக்கேறிய அந்த நேரத்தில் உயிரை எடுக்கிற நஞ்சு கைக்கெட்டவில்லை. நேரம் கிடைத்தது. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு வாழ்ந்தார்கள்.

சோகிக்குப் பிறகு தம்பி கரும்பலகைக்குப் போனான். "இப்ப உடம்பில எங்க சூடு?" என்றான். காதில், கன்னத்தில், கையில், நெஞ்சுக்குழிக்குள் என்று பதில்கள் வந்தன. "அந்தச் சூட்டுக்கு என்ன பெயர்?" கோவம் என்றார்கள் எல்லோரும். கோவம் தவிர வேறு? நேரம் எடுத்தது. ஆனால் ஒரு சொல் வந்ததும் மற்றவை சங்கிலிபோல வந்தன. எரிச்சல். ரோசம். அந்தரம். வெக்கம். ஏக்கம். பின்வரிசையில் இருந்த ஒரு பெடியன், தன் அம்மம்மா சொல்லும் சொல் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்: "வெப்பியாரம்."

அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம்! வெந்து வெந்து உள்ளே கிடக்கும் மனத்தாங்கலுக்கு எங்கள் கிழவிகள் வைத்த பெயர். தம்பி அதைப் பலகையில் பெரிதாக எழுதினான். அம்மம்மாவுக்கு எப்போது வெப்பியாரம் வரும் என்று அந்தப் பெடியனிடம் கேட்டான். "மாமா லண்டனிலயிருந்து போன் எடுக்காட்டி" என்று பதில் வந்தது. வெளியில் கோபம்போலத் தெரிவது உள்ளே வேறொன்றாக இருக்கலாம் என்பதை அந்தப் பிள்ளைகள் எல்லோரும் அந்த நிமிடத்தில் விளங்கிக்கொண்டதை நான் முகங்களில் கண்டேன். எனக்கு முப்பத்து மூன்று வருடம் எடுத்தது.

யன்னலோரம் இருந்த ஒரு பிள்ளை மட்டும், "எனக்குக் கோவம் வாறேல்லை, அழுகைதான் வரும்" என்றாள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி, "ஓம் அம்மா, அதுவும் சூடுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனான். அவளைத் தோண்டவில்லை.

ஏன் தோண்டவில்லை என்று பிறகு கேட்டேன். அவன் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னான். போர்க்காலத்து வட இலங்கையில் 399 பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நடந்தது, 2012இல் வெளிவந்தது. ஐந்து வாரம், பதினைந்து அமர்வு, விளையாட்டும் நாடகமும் கதையும் கலந்தது. முரட்டு நடத்தை குறைந்தது. பெடியளுக்குப் பயமும் பதற்றமும் கூடுதலாகத் தணிந்தன. ஆனால் பெண்பிள்ளைகளில், அமர்வுக்கு வந்தவர்களைவிட வராமல் காத்திருந்தவர்களுக்கே மனவடுவின் அறிகுறிகள் வேகமாகக் குறைந்தன. நல்ல மனதோடு செய்ததும் பிழைக்கலாம். "எல்லாருக்கும் ஒரே மருந்து எண்டு நினைச்சா நாங்கள்தான் வருத்தம் குடுக்கிறம் சேர்" என்றான். தன் வேலையின் குறையை இவ்வளவு தெளிவாகத் தெரிந்து வைத்திருப்பவனிடம் என் பிள்ளையை நம்பி விடலாம் என்று அப்போது நினைத்தேன்.

இன்னொன்றும் அவன் மறைக்கவில்லை. இந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் குடிதண்ணீருக்கு வரிசை. கடலுக்குப் போன தகப்பனின் வலையை இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போயிருக்கும். மூச்சை மெதுவாக இழுத்து விடு என்று சொல்வதால் வலை திரும்பி வராது. அதற்குக் கூட்டுறவுச் சங்கமும் கச்சேரியும் அரசும் வேண்டும். உளவளத்துணையை அவற்றுக்குப் பதிலாக வைப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, அது ஆறத் தேவையில்லாத கோபம்.

மூச்சுப் பயிற்சியும் நடந்தது. கடைசிப் பத்து நிமிடம் கண்ணை மூடி, அவரவர்க்குப் பிடித்த ஒரு சொல்லை மூச்சோடு சேர்த்துச் சொல்வது. சைவப் பிள்ளைகள் சிலர் ஓம் என்றார்கள், கத்தோலிக்கப் பிள்ளைகள் இயேசுவே என்றார்கள். இது யாழ்ப்பாணத்தில் நீண்ட வேர் உள்ளது. உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நடந்துகொண்டிருந்தபோதே மந்திரம், செபம், திக்ர், ஆனாபானசதி என்று ஒவ்வொரு சமயத்தாரும் ஏற்கெனவே வைத்திருந்ததைத் தளர்வுப் பயிற்சியாகப் பாவிக்கலாம் என்று எழுதியும் செய்தும் காட்டியவர். 1987இல் தொடங்கிய சாந்திகம் போன்ற அமைப்புகள் ஊர்மட்டத்தில் துணையாளர்களைப் பழக்கின. 2004 கடற்கோளுக்குப் பிறகு வடகிழக்குக் கரையோர முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளிடம் செய்த ஆய்விலும், மேலைநாட்டு உளச்சிகிச்சை முறை ஒன்றும் இந்தத் தியானத் தளர்வு முறையும் ஆறு அமர்வில் ஏறக்குறைய ஒரே அளவு பலனைத் தந்தன. நாடகக்காரர்களும் இதில் சேர்ந்தார்கள். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் அன்னை இட்ட தீ, மனம் உடைந்தவர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய நாடகம். க. சிதம்பரநாதன் அரங்கப் பயிற்சியைக் கிராமத்து இளைஞர்களிடம் கொண்டுபோனார். இந்த வேலைக்கு அப்போது எங்கள் ஆட்கள் தெரிந்தெடுத்த சொல் ஆற்றுப்படுத்தல். சங்கப் புலவர் ஆற்றுப்படை என்றபோது ஆறு என்பது வழி. பசியோடு வந்த பாணனை வழிகாட்டி அனுப்புவது. ஆற்றுவது தணிப்பது, ஆற்றுப்படுத்துவது வழியில் விடுவது. உணர்வைக் கையாள்வதையும் தீர்மானம் எடுப்பதையும் இரண்டு பாடமாக எழுதும் கோப்புக்காரர்கள் இந்தச் சொல்லை ஒருமுறை உச்சரித்துப் பார்க்கலாம்.

மறுநாள் குறிகாட்டுவானுக்குத் திரும்பி, அங்கிருந்து நயினாதீவுக்குப் போனேன். இருபது நிமிடத்துக்குள் படகு சேர்த்துவிடும். ஒரு பக்கம் நாகவிகாரை, இன்னொரு பக்கம் நாகபூசணி அம்மன். மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் இதுதான் என்று ஒரு சாரார் சொல்வார்கள். அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். வாழையிலையில் சோறு வாங்கி உண்டபடி அந்தக் கதையை யோசித்தேன். உதயகுமரன் பின்தொடர, தன் மனமும் அவன்பால் போவதை அறிந்து கலங்கி நின்ற இளம்பெண் மணிமேகலை. தூக்கத்தில் தூக்கிவந்து ஆளில்லாத கரையில் விடப்படுகிறாள். விழித்ததும் திசை தெரியாமல் அழுகிறாள். பிறகுதான் பீடிகையைக் காண்கிறாள், தன்னை அறிகிறாள், அமுதசுரபி என்ற பாத்திரம் கைக்கு வருகிறது, பசித்தவருக்குச் சோறு போடுவது என்ற தீர்மானத்தோடு திரும்புகிறாள். சாத்தனார் அவளை முதலில் அழவிட்டார் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. அழுகைதான் வரும் என்று சொன்ன அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் ஊர்காவற்றுறைக்கு வந்தேன். இனி அந்தக் காரணம்.

1993ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடையில். பிள்ளைகள் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தார்கள். நான் இளம் ஆசிரியன். ஒன்பதாம் வகுப்பில் ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பெடியன் இருந்தான். மூன்றாவது நாளும் வீட்டுவேலை செய்யாமல் வந்தான். நான் அவனுடைய கொப்பியை முழு வகுப்புக்கும் முன்னால் கிழித்தேன். ஏன் செய்யவில்லை என்று கேட்கவில்லை. அவன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனான். அடுத்த நாள் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை என்று பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன்.

துறையடியில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். முற்றத்து வேப்பமரத்தின் கீழ் வலை பொத்திக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிவிட்டார், காதோரம் நரை. என்னைக் கண்டதும் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்து எழும்பினார். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், சேர் என்று சேர்த்து. நான் படகில் இருந்தபோதெல்லாம் அடுக்கி வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "தம்பி, அண்டைக்கு நான் உம்மை ஒண்டும் கேக்கேல்லை" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வலைக்கண்ணை விரலால் நீவிக்கொண்டு நின்றார். "எண்ணெய் இருக்கேல்லை சேர்" என்றார். "கொஞ்சம் இருந்தது. தங்கச்சிக்கு நெருப்புக் காய்ச்சல், அம்மா இரவிரவா விளக்கை வைச்சிருந்தவ."

முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பதில் அங்கேயே இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் கிடைத்திருக்கும்.

உள்ளேயிருந்து அவருடைய மகன் வந்தான். பதினைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடச் சேர்ட்டின் பொத்தான்கள் திறந்து கிடந்தன, முகம் ஏதோ கடுப்பில் இருந்தது. தகப்பன் அவனைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். பெடியன் இருந்தான். இருவரும் என்னோடு பாக்கு நீரிணைக் காற்றைப் பற்றியும், இந்த முறை இறால் குறைவு என்றும் கதைத்தார்கள். பெடியனின் முகம் மெல்ல மெல்ல இளகியது. அதற்குப் பிறகுதான் தகப்பன் கேட்டார்: "என்னடா நடந்தது?"

அவன் சொல்லத் தொடங்கினான். வகுப்பில் ஏதோ பேச்சு, யாரோ தள்ளியிருக்கிறார்கள். நான் கேட்கக் கூடாத கதை என்று எழும்பினேன். காரைநகருக்குப் போகும் பாதையை, அந்த மிதவைப் படகை, பிடித்தால் இருட்டுமுன் யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம். கடற்கோட்டைக்கு அப்பால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"இருங்கோ சேர். பாதை இப்பதான் அந்தக் கரைக்குப் போயிருக்கு. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு ஆறுதலாப் போங்கோ."

மகனின் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார்.